இன்டேக் வால்வு கார்பனை வீட்டில் எடுப்பது: டேங்கில் ஊற்றுவதால் ஏன் ஆகாது, கழற்றினால் எங்கே கவனம் வேண்டும்

கேள்வி இது: நாலு சிலிண்டர் டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ பெட்ரோல் கார், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் இன்ஜின் ஆடுகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது. பிக்கப்பும் முன்போல இல்லை. வால்வில் கார்பன் ஏறியிருக்கும் என்கிறார்கள். பெட்ரோலில் கலக்கும் மருந்து போதுமா, கழற்றித்தான் ஆகவேண்டுமா? வீட்டில் வைத்தே செய்யலாமா?

செய்யலாம். ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு முழுதாக ஒரு நாள் வேலை. ஆனால் பெட்ரோல் டேங்கில் எதை ஊற்றினாலும் அது உங்கள் இன்டேக் வால்வைத் தொடவே தொடாது. இதற்குக் காரணம் தெரிந்தால் கடைக்காரர் நீட்டும் பாட்டில்களில் பாதியை வாங்காமல் தப்பிக்கலாம்.

பழைய எம்.பி.எஃப்.ஐ (போர்ட் இன்ஜெக்ஷன்) இன்ஜினில், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மேனிஃபோல்டு பக்கம், அதாவது காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதியின் பக்கம் இருக்கும். பெட்ரோல், இன்டேக் வால்வின் (காற்றை சிலிண்டருக்குள் விடும் வால்வின்) முதுகில் பட்டுத்தான் உள்ளே போகும். பெட்ரோலில் இருக்கும் டிடர்ஜென்ட் ஒவ்வொரு சுற்றிலும் அந்த முதுகைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. டைரக்ட் இன்ஜெக்ஷனில் இன்ஜெக்டரின் மூக்கு நேராக சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் வால்வின் முதுகைத் தாண்டிப் போவது காற்று மட்டும். அந்தக் காற்றோடு கிராங்க்கேஸிலிருந்து (ஆயில் இருக்கும் இன்ஜினின் அடிப்பகுதி) பி.சி.வி குழாய் வழியாக வரும் ஆயில் ஆவியும் சேர்ந்து போகிறது. சூடான வால்வில் அந்த ஆயில் பட்டுப் பட்டுக் கருகி ஒட்டுகிறது. வருடக்கணக்கில் தேய்க்காத தோசைக்கல்லின் ஓரத்தைப் பாருங்கள். எண்ணெய் மேல் எண்ணெய் ஏறி, விரல் நகத்தால் சுரண்டினாலும் வராத கருப்பு ஓடு இருக்குமே, அதே சங்கதிதான் இங்கேயும்.

டொயோட்டா 2005-இலேயே டி-4எஸ் என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சிலிண்டருக்குள் ஒரு இன்ஜெக்டர், வால்வுக்குக் காற்று வரும் வழியான போர்ட்டில் இன்னொன்று. அந்த இரண்டாவது இன்ஜெக்டரால் வால்வின் முதுகில் மறுபடி பெட்ரோல் படுகிறது.

உங்கள் காரில் எந்த ஏற்பாடு என்பதில் குழப்பம் வேண்டாம். டர்போ என்றாலே டைரக்ட் இன்ஜெக்ஷன் என்று பலரும் நினைக்கிறார்கள். ஹூண்டாய், கியாவின் டி-ஜிடிஐ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ, மாருதியின் பூஸ்டர்ஜெட், மஹிந்திராவின் டிஜிடிஐ எல்லாம் டைரக்ட் இன்ஜெக்ஷன். நிசான் மேக்னைட் டர்போவும் நெக்ஸானின் 1.2 ரெவோட்ரான் டர்போவும் போர்ட் இன்ஜெக்ஷன். மாருதியின் டூயல்ஜெட்டைப் பெயரைப் பார்த்து இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அதில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர், இரண்டும் போர்ட்டில்தான். போர்ட் இன்ஜெக்ஷன் வண்டிக்கு இந்தப் பதிலில் பெரும்பகுதி தேவையில்லை. பாலிஈதர்அமீன் என்ற டிடர்ஜென்ட் கலந்த நல்ல ஃப்யூல் சிஸ்டம் கிளீனரை, பாட்டிலில் போட்ட அளவுப்படி முழு டேங்கில் ஊற்றி ஓட்டினாலே போதும்.

கழற்றுவதற்கு முன் கார்பன்தான் காரணமா என்று பாருங்கள். பலர் தாண்டிப் போகும் இடம் இது. குளிரில் மிஸ்ஸிங் அடிக்க ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும் அதே அளவு காரணமாகலாம், அவற்றை மாற்றுவது அரை மணி நேர வேலை. காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பிழைக் கோடுகளைப் (code) படிக்கும் ஓபிடி ரீடரைச் செருகிப் பாருங்கள். பி 0301 முதல் பி 0304 வரை (கடைசி எண்தான் சிலிண்டரின் எண்) ஏதாவது ஒரு கோடு மட்டும் வந்தால், அந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். கோடு காயிலோடு சேர்ந்து நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. பிளக்குக்கும் இதே முறை. எதுவும் நகரவில்லை, அல்லது பி 0300 என்று எல்லா சிலிண்டருக்கும் பொதுவாக வருகிறது என்றால் அடுத்தது கேமரா. ஃபோனில் இணைக்கும் 5.5 மி.மீ. போர்ஸ்கோப் மலிவாகவே கிடைக்கிறது. த்ராட்டில் பாடியையோ (உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவு) மேனிஃபோல்டில் இருக்கும் ஏதாவது சென்சாரையோ கழற்றி அந்த வழியாக உள்ளே விட்டுப் பாருங்கள். வால்வின் தண்டும் குடையும் சேரும் வளைவு கருப்பாக இருப்பது சாதாரணம். அந்த வளைவே தெரியாத அளவுக்கு மேடு மேடாக, கருகிய வேர்க்கடலை பர்பி ஒட்டினது போல இருந்தால்தான் கழற்ற வேண்டும். வண்டி வாரண்டியில் இருந்தால் இந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்; நீங்களாகத் திறக்காதீர்கள்.

இனி குறுக்கு வழிகள். இன்ஜின் ஃப்ளஷ் என்பது இன்ஜின் ஆயிலோடு கலந்து ஓடுவது, வால்வின் முதுகுக்கு அது வராது. ஹைட்ரஜன் வாயுவை உள்ளே விட்டு "டீகார்பனைசிங்" செய்கிறார்களே, அது எரிவது சிலிண்டருக்குள். நெருப்புக்கு முன்னாலேயே இருக்கும் வால்வு முதுகின் படிவை அது எப்படிக் கரைக்கும் என்பதற்கு இதுவரை நம்பும்படியான விளக்கம் யாரும் தரவில்லை. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஓடும் இன்ஜினில் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விடுவது பிஸ்டன் தலையை ஓரளவு சுத்தம் செய்யும். கை கொஞ்சம் தவறி அதிகமாகப் போனால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஏர் இன்டேக்கில் அடிக்கும் ஜிடிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) வால்வு கிளீனர் ஸ்ப்ரே கொஞ்சம் வேலை செய்யும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் 2,000 ஆர்.பி.எம்மில் பிடித்துக்கொண்டு, காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி, விட்டு விட்டு அடிக்க வேண்டும். 3,500-ஐத் தாண்டக் கூடாது. டப்பா தீர்ந்ததும் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஒரு மணி நேரம் அப்படியே ஊறவிட்டு, பிறகு நெடுஞ்சாலையில் 10 நிமிடம் ஓட்ட வேண்டும். டர்போ வண்டியில் டர்போவுக்கு முன்னால் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிறகு, த்ராட்டிலுக்குச் சற்று முன் வழி கிடைத்தால் அங்கே அடியுங்கள். டீசல் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. உள்ளே போகும் எரியும் திரவமே எரிபொருளாகி, சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காமல் ஓடும். இந்த ஸ்ப்ரே 20,000 கி.மீ.க்கு ஒருமுறை அடித்துவந்தால் படிவு மெதுவாக ஏறும். 82,000 கி.மீ.யில் ஏறிக் கெட்டிப்பட்ட படிவை அது மேலாகத்தான் நனைக்கும். ஆகவே உங்களுக்கு மேனிஃபோல்டைக் கழற்றுவதுதான் வழி.

வாங்க வேண்டியவை: புது இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் செட், த்ராட்டில் பாடி கேஸ்கெட் (பழையதைத் திரும்பப் போடுவது கஞ்சத்தனம், பிறகு காற்றுக் கசிவில் கொண்டுபோய் விடும்), கார்ப் (கார்புரேட்டர்) கிளீனர் ஸ்ப்ரே 500 மி.லி. டப்பா நாலு, 50 மி.லி. சிரிஞ்ச் இரண்டும் அதன் நுனியில் மாட்ட ஒரு சாண் மெல்லிய குழாயும், வெவ்வேறு தடிமனில் நைலான் பிரஷ், பிளாஸ்டிக் சுரண்டி, பஞ்சு உதிராத துணி. ராட்செட்டுடன் 10, 12 மி.மீ. சாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன், 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் சின்ன டார்க் ரெஞ்ச். கண்ணைக் காக்கும் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, பக்கத்தில் ஒரு தீயணைப்பான். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வேண்டாம், சூட்டில் அதிலிருந்து விஷவாயு வரும். அடுப்பு சுத்தம் செய்யும் காஸ்டிக் சோடா வகைகளும் வேண்டாம், சிலிண்டர் ஹெட் அலுமினியம், அதை அரித்துவிடும். மண்ணெண்ணெயும் டீசலும் இந்தப் படிவைக் கரைக்காது. ட்ரில்லில் மாட்டும் எஃகுக் கம்பி பிரஷ்ஷை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு கம்பி உதிர்ந்து உள்ளே விழுந்தால் சிலிண்டர் சுவரில் கோடு போட்டுவிடும்.

இரவு முழுக்கக் குளிர்ந்த இன்ஜினில் தொடங்குங்கள். ஃப்யூல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, ஸ்டார்ட் செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். இதைச் செய்துவிட்டாலும், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ஹை பிரஷர் ரயில் என்ற குழாயை நம்பாதீர்கள். ஓடும்போது அதில் 200 பார், புது இன்ஜின்களில் 350 பார் வரை அழுத்தம் இருக்கும். பல நாலு சிலிண்டர் இன்ஜின்களில் அந்தக் குழாயைத் தொடாமலே மேனிஃபோல்டு வெளியே வந்துவிடும். தொட்டே ஆகவேண்டிய மாடல் என்றால் இன்ஜெக்டர் டெஃப்ளான் சீலும் அதைப் பொருத்தும் கருவியும் தேவைப்படும். அந்த இடத்தில் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. சில டிஎஸ்ஐ இன்ஜின்களில் இன்டர்கூலரே மேனிஃபோல்டுக்குள் உட்கார்ந்திருக்கும், அதற்குக் கூலன்ட் போகும். குழாயைப் பிடுங்கும் முன் ஒரு தட்டாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் பைப், த்ராட்டில் பாடி, மேப் சென்சார், பர்ஜ் வால்வு, பி.சி.வி குழாய் என்று ஒவ்வொன்றாகக் கழற்றும்போது ஃபோனில் படம் எடுங்கள். ஒரு அட்டையில் மேனிஃபோல்டை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் ஹெட்டின் மறை போய்விடும். அடியில் ஒரு தாங்கி போல்ட் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மேனிஃபோல்டு வராமல் அடம்பிடித்தால் அதைத் தேடுங்கள், நெம்பாதீர்கள். கழற்றும் முன்பே மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தைச் சுற்றியிருக்கும் மண்ணையும் தூசியையும் துடைத்துவிடுங்கள். மேனிஃபோல்டு கையில் வந்த நொடியே நாலு சிலிண்டரின் போர்ட்களிலும் துணியைச் செருகுங்கள். துணிகளை எண்ணி 1, 2 என்று மார்க்கர் போட்டு வையுங்கள். கடைசியில் மூடும்போது ஒன்று குறைந்தால் அது எங்கே என்று தெரிய வேண்டும்.

அடுத்ததுதான் முழு வேலையின் உயிர்நாடி. திறந்திருக்கும் வால்வின் மேல் எதையும் ஊற்றவோ சுரண்டவோ கூடாது. பெயர்ந்த கார்பன் சிலிண்டருக்குள் போகும், இல்லையென்றால் வால்வுக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவில் மாட்டி கம்ப்ரஷனைக் கெடுக்கும்.

ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 உள்ள இன்ஜினில் கிராங்கை இரண்டே நிலைகளில் நிறுத்தினால் போதும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் முடிந்து உச்சியில் நிற்கும்போது அதன் இன்டேக் வால்வுகள் மூடியிருக்கும். அதற்கு 180 டிகிரி முன்பே எரிந்த இரண்டாவது சிலிண்டர் பவர் ஸ்ட்ரோக்கின் அடியில் நிற்கும், அதன் இன்டேக்கும் மூடித்தான் இருக்கும். ஆக 1, 2 இரண்டையும் முடித்துவிடலாம். பிறகு கிராங்க் புல்லியை ஒரு முழுச் சுற்று, 360 டிகிரி திருப்பினால் 4, 3 இரண்டும் அதே நிலைக்கு வந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி வைத்துத் திருப்பினால் கைக்கு லேசாக இருக்கும், ஓட்டைகளை டேப்பால் மூடிக்கொள்ளுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். புல்லி பக்கம் நின்று பார்த்தால் கடிகாரச் சுற்றில் மட்டும்தான் திருப்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பினால் சில இன்ஜின்களில் செயின் டென்ஷனர் தளர்ந்து பல் தாண்டிவிடும். கேம் போல்ட்டைப் பிடித்துத் திருப்பவே கூடாது.

கணக்கு சரியாக வந்தாலும் கண்ணால் உறுதிசெய்யுங்கள். டார்ச் அடித்தால், மூடிய வால்வின் விளிம்பைச் சுற்றி இடைவெளி தெரியாது. அதன் மேல் 5 மி.லி. கிளீனர் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். மட்டம் அப்படியே நின்றால் மூடியிருக்கிறது. மெல்ல இறங்கினால் சீட்டில் கார்பன் துகள் இருக்கலாம், அந்த போர்ட்டில் திரவத்தைத் தேக்காமல் பிரஷ்ஷை நனைத்து மட்டும் தேயுங்கள். மடமடவென்று இறங்கினால் வால்வு திறந்திருக்கிறது, நிலை தவறு.

வால்வின் முதுகு முங்கும் அளவுக்கு, பொதுவாக 15 முதல் 20 மி.லி., விட்டு 30 நிமிடம் ஊறவிடுங்கள். சிரிஞ்சால் உறிஞ்சினால் முதல் முறை கெட்டியான காபி டிகாக்ஷன் போல வரும். உடனே பிளாஸ்டிக் சுரண்டியால் மேட்டைப் பெயர்த்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊறவிடுங்கள். சாதாரணமாக மூன்று, நாலு சுற்று ஆகும். இரண்டாம் சுற்றுக்குப் பிறகுதான் ஓடு தகடு தகடாகக் கழலத் தொடங்கும். அதற்கு முன் பலம் போட்டுக் குத்துபவர்கள்தான் எதையாவது உடைக்கிறார்கள். தண்டுக்குப் பின்பக்கம் நேராகத் தெரியாது. பிரஷ் கம்பியை வளைத்துக்கொண்டு, பல் டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்துச் செய்ய வேண்டும். தண்டு மேலே ஏறும் இடத்தில் அதைத் தாங்கும் வால்வு கைடு என்ற குழல் இருக்கிறது, அதன் வாயைக் குத்தாதீர்கள். உலோகம் பளபளக்க வேண்டிய அவசியம் இல்லை. காற்றோட்டத்தைக் கெடுப்பது தடிமன், நிறம் இல்லை. லேசான பழுப்புக் கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு ஆபத்தை வீடியோக்களில் அதிகம் சொல்வதில்லை. கிளீனர் ஈரம் இருக்கும்போது வாக்குவம் கிளீனரை வைக்காதீர்கள். அதன் மோட்டாரில் தீப்பொறி உண்டு, உறிஞ்சப்படும் ஆவி உள்ளேயே பற்றிக்கொள்ளும். ஈரத்துக்கு சிரிஞ்சும் துணியும் மட்டும்தான். முழுக்கக் காய்ந்து, ஆவி போன பிறகு மிச்சத் துகளை வாக்குவத்தால் எடுக்கலாம். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட், பக்கத்தில் பூஜை விளக்கு, பீடி எதுவும் கூடாது.

வால்நட் ஓட்டுத் தூளை அடித்து எடுப்பது இதைவிடச் சுத்தமான முறை, சந்தேகமில்லை. அந்தத் தூள் உலோகத்தைவிட மென்மை, கார்பனை மட்டும் பெயர்க்கும். ஆனால் 80 முதல் 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் விடாமல் காற்று தரும் பெரிய கம்ப்ரஸர், போர்ட்டை இறுக்கமாக மூடும் அடாப்டர், கூடவே உறிஞ்சும் வாக்குவம் எல்லாம் வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர் பத்து நொடியில் மூச்சு வாங்கும். வால்நட்டுக்குப் பதில் மணலோ கண்ணாடி மணியோ அடிக்கலாமே என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள், ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும் இன்ஜின் போய்விடும். மேனிஃபோல்டை நீங்களே கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கருவி உள்ளவரை வீட்டுக்கு வரவழைக்க முடிந்தால் அதுதான் சிறந்த ஏற்பாடு.

மூடும் முன் ஒவ்வொரு போர்ட்டிலும் கேமரா விட்டுப் பாருங்கள். துணிகளை எண்ணுங்கள். சிலிண்டருக்குள் கிளீனர் கசிந்திருக்கலாம் என்பதால், பிளக் இல்லாத நிலையிலேயே கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுத் திருப்புங்கள். எங்காவது கெட்டியாக நின்றால் மேலே அழுத்தாதீர்கள். மேனிஃபோல்டின் உட்புறம், அதிலுள்ள ஃப்ளாப், த்ராட்டில் பாடி மூன்றையும் தனியாகத் துடைத்துக் காயவையுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டை விரலால் அழுத்தித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் உடையும்.

புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை முதலில் கையால் சுற்றி, பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு தவணையில் இறுக்குங்கள். எம்6 போல்ட்டுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் மாடலின் அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் "இன்னும் கொஞ்சம்" என்று இழுத்தால் காது உடைந்துவிடும். எல்லாம் மாட்டிய பிறகு, பிளக்கையும் காயிலையும் போடும் முன், ஃப்யூஸ் வெளியே இருக்கும்போதே பேட்டரியை இணைத்து ஐந்து நொடி ஸ்டார்ட்டர் அடியுங்கள். காயில் கனெக்டர்கள் கழன்றே இருக்க வேண்டும், பிளக் ஓட்டைகளின் மேல் ஒரு துணி கிடக்கட்டும். உள்ளே மிச்சம் இருந்த கிளீனர் அந்தத் துணியில் தெறிக்கும்.

முதல் ஸ்டார்ட்டில் ஒன்றிரண்டு நிமிடம் வெள்ளைப் புகையும் நெடியும் வரும், ஐடிலிங் தடுமாறும். செக் இன்ஜின் விளக்குகூட எரியலாம். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் "உஸ்" என்று சத்தம், அல்லது பி 0171 கோடு (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள்) வந்தால் எங்கோ காற்று கசிகிறது. கேஸ்கெட் மடங்கியிருக்கும், இல்லையென்றால் ஒரு குழாயை மாட்ட மறந்திருப்பீர்கள். படங்களை எடுத்து ஒப்பிடுங்கள். த்ராட்டிலைச் சுத்தம் செய்ததால் ஐடிலிங் ஏற இறங்க இருந்தால் ஸ்கேனர் வைத்து த்ராட்டில் அடாப்டேஷன் செய்ய வேண்டும். இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கிய கிளீனர் ஆயிலை நீர்க்கச் செய்திருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு 20,000 கி.மீ.யிலேயே பழையபடி மேடு கட்டினால் அது சாதாரணப் படிவு அல்ல, ஆயில் எங்கிருந்தோ அளவுக்கு மீறி வருகிறது. ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். பிய்த்து எடுக்க முடியாதபடி உள்ளே இழுத்துப் பிடித்தால் பி.சி.வி டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. இன்டர்கூலர் குழாயைக் கழற்றி வழித்தால் விரலில் ஆயில் சொட்டச் சொட்ட வந்தால் டர்போ சீலைச் சந்தேகப்படுங்கள். மெல்லிய படலமாக ஈரம் இருப்பது எல்லா டர்போவிலும் உண்டு, அதற்காகப் பதற வேண்டாம். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கு மேல் ஆயில் நிரப்பும் பழக்கம் சில பெட்ரோல் பங்க்கிலும் ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கிறது. அந்த அதிகப்படி ஆயிலில் ஒரு பங்கு ஆவியாகி வால்வுக்குத்தான் போகிறது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தாலே போதும். உற்பத்தியாளர் சொன்ன தரத்தில் முழு சிந்தெடிக் ஆயில் போட்டு, நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டியென்றால் 7,500 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். அடுத்ததாக 40,000 கி.மீ. கழித்துக் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.